புதன்கிழமைப் பிரெஞ்சு

மல்வேர்ன், ஸ்காபரோ
24.01.1997

அன்புள்ள மலருக்கு,

இங்கே குளிர் மூக்கைப் பிடித்துத் திருகினாலும் உன் அக்கா நிமிர்ந்துதான் நடக்கிறாள். உன் முழங்கால் எப்படி? உன் வீட்டுக்காரருக்குச் சீனிவருத்தம் இறங்கியதா? இரண்டையும் தனித்தனியாக எழுது. போன கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டாய்.

அன்புராசாவும் ஜெயமலரும் என்னோடு மிகவும் அன்பாக இருக்கிறார்கள். மகனுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை, மருமகளுக்கு மில்லிக்கனில் ஒரு கந்தோரில். விடியப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பகல் முழுவதும் வீடு எனக்கே. அமைதி எனக்குப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்.

பக்கத்துச் சமூக நிலையத்தில் புதன்கிழமைகளில் இரண்டு மணிக்கு வயதானவர்களுக்குப் படம் காட்டுகிறார்கள். அந்த அறை நல்ல வெதுவெதுப்பு. வருவது ஆறு பேர். பல் வைத்தியரிடம் வந்தவர்கள்போல ஒருவருக்கொருவர் இரண்டு கதிரை தள்ளி இருப்போம். முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் போவோம்.

முந்தாநாள் போட்டது ஒரு பிரெஞ்சுப் படம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும் என்று கசெற் பெட்டியில் போட்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. அங்கே பொறுப்பாக இருக்கும் சாம்பவி என்ற பெண் படத்தை நிறுத்தினாள். ஆட்களும் குறைவு, ஈஸ்ரருக்குள் பதினைந்து பேர் சேராவிட்டால் இந்த நேரத்தை உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னாள்.

நான் எழுந்து நின்றேன். கொன்வென்ரில் மதர் செலஸ்தீனிடம் பிரெஞ்சு படித்தவள், நானே மொழிபெயர்க்கிறேன் என்றேன். மற்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எப்படிக் கதிரையில் இருப்பது?

மற்றபடி இங்கே குறையில்லை.

உன் அக்கா,
கமலாம்பிகை

*

வெள்ளவத்தை
09.02.1997

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் நோகிறது.

இவருக்குச் சீனி குறைந்திருக்கிறது.

தனித்தனியாக எழுதிவிட்டேன். இனி என் கேள்விக்கு வருகிறேன். என்ன பிரெஞ்சு? நானும் அதே வகுப்பில் உங்களுக்குப் பின்வரிசை வாங்கில் இருந்தவள். மொத்தம் ஒரு வருடமும் மூன்று மாதமும். மதர் செலஸ்தீன் படிப்பித்தது காலை வந்தனம், ஐம்பது வரை எண்கள், பூக்களின் பெயர்கள், இரண்டு செபம். பூக்களில் நீங்கள் கெட்டிக்காரி, எண்களில் இல்லை. அந்தப் படத்தில் ஒருவரும் பூவைப் பற்றிக் கதைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?

உங்கள் கடிதத்தைக் கீழ்வீட்டு மிசிஸ் சில்வாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அடுத்த கடிதம் எப்போது என்று தபாற்காரனை என்னோடு சேர்ந்து அவவும் பார்த்துக்கொண்டிருக்கிறா.

கையுறை போடாமல் வெளியே போகாதீர்கள்.

அன்புத் தங்கை,
யோகமலர்

*

மல்வேர்ன்
27.02.1997

அன்புள்ள மலருக்கு,

முழங்காலுக்கு ஒத்தணம் கொடு. நான் படியில் வழுக்கி இடது கை கொஞ்சம் வீங்கியது. வடிந்துவிட்டது. அதை நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

பூக்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இந்த வரியை மிசிஸ் சில்வாவுக்குச் சொல்லாதே.

நடப்பது இப்படி. யேசுரட்ணம் என்று ஒருவர் வருகிறார். இளவாலை ஆள், ரயில்வேயில் கார்ட்டாக இருந்தவர், மனைவி இல்லை. றிமோட் அவர் கையில். நடிகர்கள் கதைப்பார்கள். நான் கையை உயர்த்துவேன். அவர் படத்தை நிற்பாட்டுவார். நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துத் தலையசைத்த பிறகுதான் வண்டி புறப்படும். நடுவில் கேள்வி கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடப் படம்தான் ஓடுகிறது.

கதை பாரிஸில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் நடக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. லிப்ற் பழுதாகிவிட, எல்லாரும் படியில் ஏறி இறங்கி முட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவுக்கும் பிரெஞ்சு தேவையில்லை, கண் போதும். கீழே வெதுப்பகத்தில் பாண் போடும் மீசைக்காரர். முதலாம் மாடியில் கட்டடத்துச் சொந்தக்காரி. அவளும் என்னைப்போலக் கணவனை இழந்தவள், ஆனால் உதட்டுக்கு நிறம் பூசுகிறாள். ஆறாம் மாடியில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கிழவி. படியில் எந்நேரமும் சூட்கேசோடு ஒரு இளைஞன்.

நேற்றுப் பாண்காரரும் சொந்தக்காரியும் படித் திருப்பத்தில் நின்று மெதுவான குரலில் நெடுநேரம் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது 'மன்னிக்கவும்' மட்டும். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, பாண்காரர் திருத்திக் கொடுத்திருக்கிறார் என்று சொன்னேன். யேசுரட்ணம் படத்தை விட்டார். இருவரும் முத்தமிட்டார்கள். அது சீக்கிரம் முடியவுமில்லை.

கையை உயர்த்தினேன். குழாயைத் திருத்தியதற்கு நன்றி சொல்கிறாள் என்றேன்.

முன்வரிசையில் ஹில்டா என்று ஒரு ஜமேக்கா அம்மா, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தன்னுடைய கட்டடத்துக் குழாய்க்காரனுக்குத் தான் ஒரு தேத்தண்ணிகூடக் கொடுத்ததில்லை என்று கவலைப்பட்டாள். யேசுரட்ணம் றிமோட்டைப் பார்த்தபடி இருமினார்.

நம்முடைய பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகம் உன் தகரப்பெட்டியில் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பு. அவசரம் என்று இல்லை. ஆனால் உடனே அனுப்பு.

சுகத்தோடு இரு.

அக்கா

*

வெள்ளவத்தை
14.03.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கை எப்படி? வீக்கம் வடிந்ததா, அல்லது வடிந்துவிட்டது என்று எழுதினீர்களா? இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியும்.

புத்தகம் வருகிறது. நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி பூக்கள்தான்.

குழாய்க் கதையை இவருக்குச் சொன்னேன். தேத்தண்ணி மூக்கால் வந்தது. அக்கா, உதடு பூசினாலும் அவள் ஒரு மனிசி. கணவன் போனபிறகு ஒருவர் அன்பாகக் கதைத்தால் அதையும் குழாய் ஆக்கவேண்டுமா?

மிசிஸ் சில்வா ஒன்று கேட்கிறா. ஆறாம் மாடிக் கிழவிக்கு யார் தொலைபேசி எடுப்பதாம்?

நானும் ஒன்று கேட்கிறேன். பகலில் நீங்கள் யாரோடு கதைக்கிறீர்கள்?

மலர்

*

மல்வேர்ன்
27.03.1997

அன்புள்ள மலருக்கு,

கை இப்போது உண்மையாகவே வடிந்துவிட்டது. உங்கள் வெய்யிலில் கொஞ்சத்தைத் தபாலில் போடமுடியுமானால் போடு. இங்கே வாசலில் பனி இன்னும் கிடக்கிறது.

நேற்று வந்தவர்கள் பத்தொன்பது பேர். ஹில்டா தன் கட்டடத்திலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். யேசுரட்ணம் தேவாலயத்தில் சொல்லி ஐந்து பேரைச் சேர்த்தார். உடற்பயிற்சிக்காரர்களுக்கு வேறு அறை கொடுத்துவிட்டதாகச் சாம்பவி வந்து சொன்னாள். கதிரைகளுக்கு நடுவில் இப்போது இடைவெளி இல்லை. ஹில்டா இஞ்சிக் கேக் கொண்டுவருகிறாள். நான் கடலை வடை கொண்டுபோனேன். படம் மூன்று மணிக்கு முடிந்தாலும் நாலரை வரைக்கும் ஒருவரும் எழும்புவதில்லை. பாண்காரர் நல்லவரா இல்லையா என்று சண்டை.

நேற்று அந்தச் சூட்கேஸ் இளைஞன் ஆறாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினான். கிழவி திறந்தாள். அவன் மூச்சுவிடாமல் கதைத்தான். கிழவியின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து சொன்னேன்: அவன் அவளுடைய மகன். எந்தக் கதவு என்று மறந்துபோய் இத்தனை நாளும் ஒவ்வொரு கதவாகத் தட்டி வந்திருக்கிறான். சுணங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிறான்.

யேசுரட்ணம் படத்தை விட மறந்துபோனார். ஹில்டா மூக்கைச் சிந்தினாள். நானும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன், குளிர்தான்.

நீலக் கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்கார அம்மா ஒருத்தி மட்டும் இதுவரை வாய் திறந்ததில்லை. முதல் நாளிலிருந்து வருகிறாள். நான் மொழிபெயர்க்கும்போது ரிவியைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறாள். மரியாதை தெரிந்தவள்.

மிசிஸ் சில்வாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். உன்னுடையதற்குத் தாளில் இடம் போதவில்லை.

அக்கா

*

மல்வேர்ன்
03.04.1997

மலர்,

சுகமா என்று கேட்காமல் தொடங்குகிறேன், மன்னித்துக்கொள்.

நேற்றுப் படம் முடிந்து வரும்போது வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அந்த நீலத்தொப்பிக்காரி கதைத்துக்கொண்டு நின்றாள். பிரெஞ்சில். படத்தில் வருபவர்கள் கதைக்கும் அதே வேகத்தில், ஒரு மூச்சில், கையை ஆட்டிக்கொண்டு. அது அவளுடைய தாய்மொழி.

பத்துக் கிழமையாக அவள் என் முன்னால் இருந்திருக்கிறாள்.

எனக்குச் சுகமில்லை என்று சாம்பவிக்குச் சொல்லிவிட்டேன். படத்தில் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதை அவர்கள் எப்படியும் பார்த்துக்கொள்ளட்டும். அறுபத்தெட்டு வயதில், இருபது பேர் முன்னால் பொய்க்காரி என்று நிற்க என்னால் முடியாது. இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்.

புத்தகம் வந்து சேர்ந்தது. பூக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

கமலாம்பிகை

*

வெள்ளவத்தை
10.04.1997

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் வெய்யிலை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வெந்துபோகிறோம். எல்லாரும் சுகம், வியர்வையைத் தவிர.

பத்தொன்பது பேர் கடிதம் வந்தது. மகன் வந்த இடத்தில் மிசிஸ் சில்வா அழுதா. இவர் அழவில்லை என்று சொல்லிக்கொண்டு யன்னலைத் திறந்தார். உங்கள் படநேரத்தில் இங்கே நடுச்சாமம் என்றாலும், இப்போது அக்கா எழும்பி நிற்பா என்று நாங்கள் நேரம் பார்த்துக்கொள்கிறோம்.

பாண்காரருக்கும் சொந்தக்காரிக்கும் என்ன முடிவு? இன்னொரு குழாய் வெடித்ததா?

சீக்கிரம் எழுதுங்கள்.

மலர்

*

மல்வேர்ன்
18.04.1997

அன்புள்ள மலருக்கு,

உன் பத்தாம் திகதிக் கடிதம் இன்று வந்தது. இந்தக் கடிதத்தை மட்டும் ஒருவருக்கும் வாசித்துக் காட்டாமல் முதலில் நீ வாசி. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

இரண்டு புதன் நான் போகவில்லை. நேற்றுக் காலை மணி அடித்தது. திறந்தால் நீலத்தொப்பி. யேசுரட்ணத்திடம் விலாசம் வாங்கி இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். பெயர் லுசில். கியூபெக்கில் பிறந்தவள், கணவன் இங்கத்தை ஆள், இறந்து நாலு வருடம். பிள்ளைகள் வன்கூவரில்.

தேத்தண்ணி வைத்தேன். ஒளித்து விளையாடும் வயது எனக்கில்லை. நான் சொன்னதில் எவ்வளவு சரி என்று நேரே கேட்டேன்.

"காலை வந்தனம் எல்லாம் சரி," என்றாள்.

அந்தச் சூட்கேஸ் இளைஞன் காப்புறுதி விற்பவனாம். கிழவிக்கு அவன் ஒன்றுமில்லை. தன் கதவைத் தட்டிய ஒரே ஆள் என்பதற்காக, தேவையில்லாத காப்புறுதியை அவள் வாங்குகிறாளாம். அவனைத்தான் நான் மகனாக்கி, பத்தொன்பது பேரையும் அழவைத்திருக்கிறேன்.

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என் மொழியைக் காதால் கேட்கத்தான் முதல் கிழமை வந்தேன்," என்றாள். "இரண்டாம் கிழமையிலிருந்து உங்களைக் கேட்க வந்தேன். நான் வாயைத் திறந்தால் நீங்கள் கதிரையில் இருந்துவிடுவீர்கள்."

இரண்டு புதனும் அவர்கள் கடைசிப் பத்து நிமிடத்தைப் போடவில்லையாம். கேக்கைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். நான் வந்து முடித்துவைக்கவேண்டும், தான் வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

அவள் போனபிறகு அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். மலர், அமைதி எனக்குப் பிடிக்கும் என்று உனக்கு எழுதினேன். பிடிக்காது. காலையில் இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனால், இரவு எட்டு மணி வரை என் குரலை நானே கேட்பதில்லை. சில நாள் ரேடியோவோடு சண்டை பிடிக்கிறேன். பிள்ளைகளில் பிழையில்லை, அவர்கள் வேலை அப்படி. எனக்கு இந்த ஊரில் இருந்தது அந்தப் புதன்கிழமை ஒன்றுதான்.

லுசில் சத்தியத்தைக் காப்பாற்றுவாள். அவள் தயவில் நான் கெட்டிக்காரியாக நிற்க முடியாது. வருகிற புதன் எழுந்து நின்று உள்ளதைச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை வேண்டாம் என்றால், அது நியாயம்.

நீ இதை வாசிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

அக்கா

*

வெள்ளவத்தை
19.04.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரல் மூன்றாம் திகதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், அதை விடுங்கள்.

எனக்கு எவ்வளவு சிங்களம் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். சந்தைக்குப் போதும். உங்கள் கடிதங்களில் பாதியை மிசிஸ் சில்வாவுக்கு நான் சொந்தமாகத்தான் சொல்லி வந்தேன். இன்றைக்கு உங்கள் கடிதத்தை வாசித்ததும் வெட்கமாகப் போய் அவவிடம் சொல்லிவிட்டேன். அவவின் மருமகள் தமிழ் படித்தவளாம், ஒருநாள் கடிதத்தை வாசித்துப் பார்த்தாளாம். தெரிந்துகொண்டுதான் மாடிப்படி ஏறி வந்திருக்கிறா. உங்கள் கதையைவிட நான் அதைச் சொல்ல முழிக்கிற முழி நல்லாயிருக்கும் என்கிறா.

கதைக்க ஆளில்லாத வீட்டில் இருந்துகொண்டு, ஆளிருக்கிற இடத்துக்குப் போகமாட்டேன் என்கிறீர்கள். போங்கள் அக்கா.

மலர்

*

மல்வேர்ன்
24.04.1997

அன்புள்ள மலருக்கு,

நன்றாக நித்திரை கொண்டு எழுந்து எழுதுகிறேன். நீங்களும் அப்படியே நித்திரை கொண்டு எழும்பவேண்டும்.

நேற்று இருபத்தாறு பேர். என் கதிரையை முன்னால் போட்டு வைத்திருந்தார்கள். நான் இருக்கவில்லை. சாம்பல் நிறச் சேலை, உன் அத்தான் வாங்கித் தந்தது, அதைத்தான் கட்டியிருந்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, பூக்களும் செபமும் மட்டும் தெரியும், பத்துக் கிழமையாகச் சொன்னதெல்லாம் என் கற்பனை, மன்னிக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் தடக்கவில்லை.

பிறகு யேசுரட்ணம் தமிழில் சொன்னார்:

"குழாய்க் கதை சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கினது அக்கா. குழாய் திருத்தினதுக்கு ஆரும் அப்பிடி நன்றி சொல்லுவினமே?"

அவர் என்ன சொன்னார் என்று ஹில்டா கேட்டாள். அவர் மொழிபெயர்த்தார். அவள் சிரிக்கத் தொடங்கினாள், மலர், கதிரை ஆடியது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. கோபப்பட்டவர் ஒருவர்தான். சூட்கேஸ்காரன் உண்மையில் மகன் இல்லையா என்று கேட்டு, இல்லை என்றதும் எழுந்து கோட்டைப் போட்டார். வாசல் வரை போய், முடிவையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பி வந்து இருந்தார்.

லுசிலை என் பக்கத்தில் நிறுத்தி, இன்றைக்கு இவர் சொல்லட்டும் என்றேன். அவள் உள்ளபடி சொன்னாள். கடைசியில் லிப்ற் திருத்தப்படுகிறது. எல்லாரும் சந்தோஷமாகக் கைதட்டுகிறார்கள். அடுத்தநாள் ஒவ்வொருவராக லிப்றில் ஏறி இறங்குகிறார்கள். படியில் ஒருவரும் இல்லை. வெறும் படியைக் காட்டிக்கொண்டே படம் முடிகிறது.

ஹில்டா கையைக் கட்டிக்கொண்டு, இது சரிவராது, இனிக் கமலா சொல்லட்டும் என்றாள். கோட்டுப் போட்டவரும் ஓம் என்று தலையாட்டினார். யேசுரட்ணம் படத்தைப் பின்னால் ஓட்டிச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். அந்தப் படி வெறுமையாக இருப்பது விடியற்காலை நாலு மணி என்பதால். எல்லாரும் நித்திரை. பாண்காரர் மட்டும்தான் அந்நேரம் எழும்புகிறவர். அவர் பாண் வெட்டும் கத்தியோடு லிப்ற் அறைக்குப் போய், எந்தக் கம்பி என்று பார்த்து, ஒரே வெட்டு.

கைதட்டல் எவ்வளவு நேரம் என்று நான் எழுதினால் பெருமை பேசுவதாகும். லுசிலைக் கேட்டு எழுதவைக்கிறேன்.

பாண்காரர் சொந்தக்காரியைக் கட்டிக்கொண்டாரா என்று நீ கேட்டிருந்தாய். லுசில் சொன்ன கதையில் இல்லை. என்னுடையதில் ஓம். நீ சொன்னாய் என்பதற்காக.

அக்கா

*

வெள்ளவத்தை
08.05.1997

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை வாசித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இரண்டாவதை வாசித்துக் கதவைத் திறந்தேன். மிசிஸ் சில்வா, அவவின் மருமகள், இவர், எல்லாரும் அடுப்படியில். பாண்காரரின் கத்திக்கு இவர் எழும்பி நின்று கைதட்டினார்.

அன்புராசாவுக்கும் சொல்லுங்கள். எனக்கு எழுதியதை, அப்படியே.

முழங்கால் நோகவில்லை. சும்மா எழுதவில்லை, உண்மையாகவே.

மலர்

*

மல்வேர்ன்
22.05.1997

அன்புள்ள மலருக்கு,

இங்கே மரங்கள் இலை விட்டுவிட்டன. கோட்டு இல்லாமல் நடக்கிறேன். உன் முழங்காலைப் பற்றி வந்த செய்தியை ஏற்றுக்கொள்கிறேன்.

மகனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, ஏன் அம்மா ஒருநாளும் சொல்லவில்லை என்றான். நீயும் கேட்கவில்லையே என்றேன். அவன் பிறகு சாப்பிடவில்லை. நான் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அடுத்தநாள் வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தான், மத்தியானம் என்ன சமைத்தீர்கள் என்று. கத்தரிக்காய் என்றேன். அவ்வளவுதான். நேற்றும் எடுத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் லுசில் வந்து எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தருகிறாள். என் உச்சரிப்பு நூறு வருடத்துக்கு முந்தியது என்று சிரிக்கிறாள். மதர் செலஸ்தீனுடையது என்றேன், சிரிப்பதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை.

நேற்றுப் புதன்கிழமை சாம்பவி புதுப் படம் கொண்டுவந்தாள். யப்பான் படம். இந்த முறை ஆங்கில எழுத்து வருகிறதா என்று முதல்நாளே போட்டுப் பார்த்திருக்கிறாள், பாவம். தெளிவாக, பெரிதாக வந்தது. இரண்டு வசனம் ஓடியிருக்கும். ஹில்டா கையில் ஒரு நீள மட்டையோடும் ஒட்டுத் தாளோடும் எழுந்து போய், ரிவியின் அடிப்பக்கத்தை எழுத்துத் தெரியாமல் மூடி ஒட்டினாள். யேசுரட்ணம் படத்தை நிற்பாட்டினார்.

நான் எழுந்து நின்றேன். எனக்கு யப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது என்று, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முப்பத்தொரு பேரும் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்கள்.

அக்கா,
கமலாம்பிகை